அட்டையில் அடங்காத உம்மா

நற்பிட்டிமுனையில் ஒரு பெண் மௌத்தானால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கு முன்பே சுஹறாவின் படலைக்குச் செய்தி வந்துவிடும். இறந்த பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்ட அவளை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் குறைவு. இருக்கிற ஒன்றிரண்டு பேரில் ஒருத்திக்கு முதுகுவலி, இன்னொருத்திக்குப் பயம். பயந்தவள் தள்ளி நின்று தண்ணீர் அள்ளிக் கொடுப்பாள், மையித்தின் மேல் கை வைக்க மாட்டாள். சுஹறாவுக்கு முதுகுவலியும் இல்லை, பயமும் இல்லை.

கூப்பிட வருகிறவர்கள் ஒருநாளும் விஷயத்தை நேரே சொன்னதில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு, "சுஹறா ராத்தா இருக்காவா?" என்பார்கள். அவ்வளவு போதும். அடுப்பில் கறி கொதித்தாலும் மகள் ஆகிலாவுக்கு ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, மையித்துக்குச் சுற்றும் கபன் துணியும் கற்பூரமும் கத்தரிக்கோலும் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். கூலி என்று ஒரு சதம் வாங்கியதில்லை. புருஷன் அச்சிமுகம்மது சவளக்கடை வயலில் விழுந்து மௌத்தான பிறகு, கையில் ஒன்றும் இல்லாத காலத்திலும் வாங்கவில்லை. யாராவது கையில் திணிக்கப் பார்த்தால், "என்னை நீங்க குளிப்பாட்டக்குள்ள பாத்துக்கிடுவம்" என்பாள். திணித்த கை தானாகப் பின்னால் போய்விடும்.

கல்யாண வீடுகளில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் பெண்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அவளுக்கு அது தெரியும். "என்னகா பயப்பிடுறீங்க? நான் இண்டைக்குச் சோறு தின்னத்தான் வந்தன். ஆருக்கும் அளவெடுக்க வரல்ல" என்று அவளே முந்திச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்காதவர்களும் சிரித்துவிடுவார்கள். வாய்க்காரி, மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாதவள்.

அவளுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து பல வருடம். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவதை அவள் ஒரு வருத்தக்காரி போவதைப்போல நினைத்ததே இல்லை. விடிய சுபஹு தொழுதுவிட்டுப் போய் அங்கே நீள வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்தால் மத்தியான லுஹருக்கு முன் ஊர்க்கதை அத்தனையும் காதுக்கு வந்துவிடும். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யார் வயலில் தண்ணீர் வரவில்லை, யாருடைய மகன் கட்டாரிலிருந்து திரும்பி வந்துவிட்டான், எல்லாம் அந்த வாங்கில்தான். மருந்துக்குக் காசு இல்லை. நாடு நொடிந்துபோன பிறகு, "இது இல்ல, வெளியில வாங்குங்க" என்று துண்டு எழுதிக் கொடுப்பது கூடிப்போயிற்று. அப்படி எழுதிய குளிசை மாத்திரையைச் சுஹறா சில மாதம் வாங்குவாள், சில மாதம் வாங்க மாட்டாள். வாங்காத மாதத்தில் பாவற்காய் தின்பாள். பாவற்காய்க்கு அவள் காலைப் பற்றி என்ன கவலை?

அந்தக் கால் ஒரு மௌத்து வீட்டில்தான் கெட்டது. வளவின் பின்பக்கம் சீலை கட்டி மறைத்து, பலகை போட்டு, குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மையித்தைக் குளிப்பாட்டும்போது சுஹறா செருப்புப் போட மாட்டாள். அது மார்க்கமில்லை, அவளாக வைத்துக்கொண்ட மரியாதை. ஈர மண்ணில் கிடந்த பழைய மரத்துண்டில் ஆணி ஒன்று நிமிர்ந்து நின்றிருக்கிறது. மிதித்தது அவளுக்குத் தெரியவில்லை. சீனி அவள் பாதத்தில் இருந்த உணர்வை எப்போதோ தின்று முடித்திருந்தது. தண்ணீர் அள்ளிக் கொடுத்தவள்தான், "ராத்தா, ரத்தம்!" என்று கத்தினாள். சுஹறா குனிந்து பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்த பதற்றம் தன் காலைப் பற்றியது அல்ல. "மையித்துல ஒரு சொட்டும் படாமப் பாருங்ககா!" என்று சொல்லி, ஒரு துணிக்கிழிசலைக் காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, குளிப்பாட்டி, கபனிட்டு, கண்ணுக்குச் சுர்மா இட்டு, எல்லாம் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் மஞ்சளை அரைத்துப் போட்டாள். காயம் ஆறுவதுபோலக் காட்டி உள்ளே ஓடியது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்து, மணக்கத் தொடங்கிய பிறகுதான் ஆகிலா மூக்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு, புருஷன் நளீரின் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

கல்முனையில் அந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மேலே மின்விசிறி ஒன்று, சுற்றுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் யோசித்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு பூனை நிரந்தரமாகக் குடியிருந்தது. மலசலகூடத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது. ஆனால் காலையில் புண்ணைக் கழுவிக் கட்ட ஆள் வந்தது, ஊசி நேரத்துக்கு ஏறியது, ஒருவரும் காசு கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் செசிலி இருந்தாள். கல்முனை வேதக்காரப் பெண், சுஹறாவை விடக் கொஞ்சம் இளையவள். அவளுக்கும் சீனி, அவளுக்கும் கால் விரல். இரண்டு பேரும் மருமகன்மாரை ஒப்பிடுவதுபோலத் தங்கள் சீனியின் அளவை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். செசிலியின் புருஷன் தேவராசா கொண்டுவரும் சோற்றில் மீன் துண்டு சுஹறாவுக்கும் வந்தது. ஆகிலா அனுப்பும் இடியப்பத்தில் பாதி செசிலிக்குப் போனது.

"அக்கா, நீங்க என்ன வேலை செய்யிறீங்க?" என்று செசிலி முதல் நாள் கேட்டாள்.

"ஆக்கள அனுப்பிவெக்கிற வேலை" என்றாள் சுஹறா.

"வெளிநாட்டுக்கா?"

"ஓம். போனா திரும்பி வாற இல்ல."

செசிலி விளங்கியதும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

பெரிய டொக்டர் வந்து புண்ணைத் திறந்து பார்த்தார். வளவளவென்று கதைக்கிற மனிதர் அல்ல. "ரெண்டு விரல எடுக்க வேணும் அம்மா. கெதியா எடுத்தா கால் தப்பும். கிருமி மேல ஏறினா பிறகு முழங்காலோட கதைக்க வேண்டி வரும்" என்றார். சுஹறா இரண்டு விரலையும் பார்த்தாள். "போறது போகட்டும் டொக்டர். மையித்து ஊட்டுக்கு நடந்து போக மிச்சம் இருந்தாச் சரி" என்றாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஓட்டோவில் ஏறிப் போய் இறங்கலாம். ஆனால் குளிப்பாட்டுவது நின்று செய்கிற வேலை. குனிந்து, பிடித்து, புரட்டி, நின்றே செய்ய வேண்டும்.

ஒப்பரேஷனுக்கென்று சொன்ன நாளில் சுஹறாவையும் செசிலியையும் பட்டினி போட்டு, பச்சைச் சட்டை மாட்டி, வரிசையில் வைத்தார்கள். மத்தியானம் தாண்டியும் யாரும் கூப்பிடவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர்மாரில் ஒருவர் நாட்டை விட்டே போய்விட்டாராம். மற்றவர் எங்கோ ஒரு பிள்ளைப்பேற்று அவசரத்துக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டாராம். பின்னேரம் பெரிய டொக்டரே வந்தார். முகத்தில் களைப்பு. "இண்டைக்கு இல்ல. ஆள் வந்த உடனே உங்க ரெண்டு பேரையும்தான் முதல்ல எடுப்பன். ஒருத்தரும் எங்கயும் போக வேணாம்" என்றார். சுஹறா பச்சைச் சட்டையோடு பால் தேத்தண்ணீர் குடித்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை. மையித்து வீட்டில் கடல் கடந்து வரும் பிள்ளைக்காக எத்தனை தரம் காத்திருக்கவில்லை?

கோபம் வந்தது அவள் மகன் றாஸிக்குக்கு.

இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். பெண்ணுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். பெற்றவர்கள் மகளோடு இருப்பார்கள். மகன் கல்யாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். றாஸிக் மருதமுனையில் முடித்தான், மருதமுனைக்குப் போனான். வெள்ளிக்கிழமைகளில் அப்பிள் பையோடு உம்மாவைப் பார்க்க வருவான். வந்து விருந்தாளி மாதிரிக் கதிரை நுனியில் உட்கார்ந்திருப்பான். ஊர் அதைக் குறை சொல்லாது, எல்லாருடைய மகனும் அப்படித்தான். ஆனால் வாப்பா மௌத்தான பிறகு அவனுக்கு மனசில் ஒரு முள் இருந்தது. உம்மாவுக்காக நான் என்ன செய்தேன் என்ற முள். அவன் வேலை பார்த்த கொம்பனி அவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும் காப்புறுதி அட்டை ஒன்று கொடுத்திருந்தது. அதில் பெற்றோரும் அடக்கம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அட்டையை அவன் பர்சில் பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

"உம்மா, இஞ்ச கிடந்து என்னத்துக்குச் சீரழியிறீங்க? பிரைவேட்டுக்குப் போவம். அட்டை இரிக்கி. ஒரு சதம் கட்டத் தேவல்ல. நாளைக்கே செஞ்சிடுவாங்க."

"டொக்டர் போக வேணாம் எண்டு சொன்னாரு மனெ."

"அவரு அப்பிடித்தான் சொல்லுவாரு. மயக்க டொக்டர் வாரதுக்கிடையில கால் போயிரும்!"

செசிலி பக்கத்துக் கட்டிலிலிருந்து மெல்ல, "தம்பி, ஒரு ரெண்டு நாள் பாத்தா என்ன?" என்றாள். றாஸிக்குக்குக் காது கேட்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. ஆகிலா உம்மாவின் போர்வையை மடிக்கத் தொடங்கினாள். மூத்தவனான காக்கா காசு செலவழிக்க வரும்போது தங்கச்சி மறித்தால் பிறகு என்ன நடந்தாலும் அவள் தலையில்தான் விழும். சுஹறா மகனின் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக அவன் கதிரை நுனியில் இல்லாமல் முழுசாக உட்கார்ந்திருந்தான். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சரி மனெ. உன்ட விருப்பம்."

துண்டு வெட்டிக்கொண்டு, அதாவது நாங்களாகவே விலகி, எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று றாஸிக் கையெழுத்துப் போட்டான். தாதி மிஸ்ஸி சுஹறாவின் கையிலிருந்த ஊசிக்குழாயைக் கழற்றும்போது, "கட்டில் போனா போனதுதான் அம்மா, பிறகு வந்து என்னைப் பேசக் கூடாது" என்றாள். செசிலி ஒரு தோடம்பழத்தைச் சுஹறாவின் பையில் போட்டுவிட்டாள். பூனை மட்டும் எழும்பவில்லை.

தனியார் ஆஸ்பத்திரியில் சுஹறாவுக்கு முதலில் குளிர்ந்தது. தனி அறை, வெள்ளை விரிப்பு, சுவரில் தொலைக்காட்சி. மலசலகூடத்தில் பூ மணந்தது. மிஸ்ஸிமார் எல்லாரும் சிரித்தார்கள். "அம்மாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேட்டார்கள். ஆயுசில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி, பதில் சொல்லத் தெரியவில்லை. கதைக்கத்தான் ஆளில்லை. சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்றும் தெரியாது. "கபுறுக்குழி மாதிரி இரிக்கி, கொஞ்சம் குளிர் கூட" என்று ஆகிலாவின் காதில் சொன்னாள். ஆகிலா, "சும்மா இரிங்க உம்மா" என்று கையை அமத்தினாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தாண்டி டொக்டர் வந்தார். பார்த்தால் அதே பெரிய டொக்டர். காலையில் அரசாங்கத்தில், மாலையில் இங்கே. இது ஊருக்குத் தெரியாத இரகசியமும் இல்லை. அங்கே களைத்திருந்த முகம் இங்கே கொஞ்சம் சிரித்தது. சுஹறாவை அடையாளம் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றது. "நான் உங்கள அங்க இருக்கச் சொன்னனே அம்மா" என்றார். பிறகு றாஸிக்கைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல. மயக்கத்துக்கு வெளியூரில இருந்து ஒராள வரவழைக்கலாம். காப்புறுதிக் கொம்பனி ஓம் எண்டு சொன்னாங்களெண்டா நாளைக்கே செய்வம்" என்றார்.

அந்த ஓம் வாங்க றாஸிக் விறாந்தையில் நின்று கொழும்புக்குப் போன் எடுத்தான். கதவு திறந்திருந்ததால் சுஹறாவுக்கு எல்லாம் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு பெண், தேன் குழைத்த குரல். பெயர் கேட்டாள், வருத்தம் கேட்டாள், ஆஸ்பத்திரி கேட்டாள். எல்லாவற்றுக்கும் றாஸிக் பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பதில் சொன்னான். பிறகு அவள், "அம்மா உங்களோடதானே இருக்காங்க சேர்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

"என்னோடயா?" றாஸிக்குக்கு ரோசம் வந்துவிட்டது. "அவ ஏன் என்னோட இரிக்கணும்? அவவுக்கு மகள் இரிக்கா. மகள்ட ஊட்டுல ராணி மாதிரி இரிக்கா. நான் என்ட பொஞ்சாதிர ஊட்ட. உம்மாவ நாங்க அப்பிடிக் கைவிடல்ல, தங்கச்சி!"

கட்டிலில் கிடந்த சுஹறாவுக்கு அந்தப் பதிலைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. நற்பிட்டிமுனையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மகள் இருக்கும்போது தாய் மகனோடு இருக்கிறாள் என்றால், மகள் துரத்திவிட்டாள் என்று அர்த்தம்.

கொழும்பில் அதற்கு அர்த்தம் வேறு. அந்த அட்டையில் பெற்றோர் என்றால், ஊழியரோடு ஒரே வீட்டில், அவரை நம்பி இருக்கும் பெற்றோர் மட்டும்தானாம். வேறு வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்காரரின் பொறுப்பாம். அந்தச் சட்டத்தை எழுதியவரின் ஊரில் தாய்மார் மகன் வீட்டில் இருப்பார்கள்போலும். இந்தக் கரையின் தாய்மார் அத்தனை பேரையும் ஒரே வரியில் வெளியே தள்ளிவிட்டு அவர் நிம்மதியாக மத்தியானச் சோறு தின்னப் போயிருப்பார். ஆகிலாவின் வீட்டில் யாருக்கு அட்டை இருக்கிறது? நளீருக்கு இருப்பது ஓட்டோ ஒன்று, அதுவும் லீசிங்கில்.

"இல்ல தங்கச்சி, நான் விளங்காமச் சொல்லிட்டன். உம்மா என்னோடதான்... அதாவது அடிக்கடி..." றாஸிக்கின் குரல் இறங்கியது.

"உரையாடல் பதிவாகியிருக்கு சேர்" என்றது தேன்.

கெஞ்சிக் கெஞ்சி அவன் ஒரு வழியைப் பிடுங்கினான். அம்மா இனி மகனோடுதான் இருக்கிறார் என்று மருதமுனைக் கிராம சேவகரிடம் கடிதம் எடுத்து, கொம்பனி ஆள் வந்து வீட்டைப் பார்த்து உறுதிசெய்தால், திரும்ப யோசிக்கலாமாம். அறைக்குள் வந்து கட்டிலின் காலடியில் நின்றான். "உம்மா, ஒரு ரெண்டு மூண்டு நாளைக்கு மருதமுனைக்கு வந்திரிங்க. அவங்க வந்து பாத்திட்டுப் போகட்டும். மாமியும் வரச் சொன்னா."

மாமி என்றது அவனுடைய பெண்சாதியின் தாய் ஆயிஷா உம்மாவை. நல்ல மனுஷி. சுஹறா அந்த வீட்டுக்குப் பெருநாளைக்குப் போவாள், பிள்ளை பிறந்தால் போவாள், பலகாரத் தட்டோடு போய்த் தட்டை வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்புவாள். சம்பந்தி வீட்டில் அவள் ஒரு இரவு படுத்ததில்லை.

"எனக்கு ஏலா மனெ."

"உம்மா, கால்!"

"கால் என்ட. மானம் ஆகிலாட. மணக்கிற காலோட நான் உன்ட பொஞ்சாதி ஊட்ட போய்ப் படுத்தா ஊரு என்ன சொல்லும்? வருத்தக்காரிய மகள் வெளிய போட்டுட்டா எண்டு சொல்லாதா? நான் எத்தின மையித்து ஊட்டுல கேட்டிரிக்கன், எந்த வாய் என்ன கதைக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

ஆகிலா அழத் தொடங்கினாள். "சொன்னாச் சொல்லட்டும் உம்மா, போங்க" என்றாள். அவள் அழுததே சுஹறாவை இன்னும் இறுக்கிவிட்டது. கையிலிருந்து காசு கட்டினால் அட்டையே வேண்டாம், நாளைக்கே வெட்டலாம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு நளீர் ஓட்டோவைப் பார்க்க வெளியே போய்விட்டான். றாஸிக் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தான். வயல் வேளாண்மை இன்னும் வெட்டவில்லை, வெட்டினால் காசு தரலாம் என்றார்கள். திரும்ப அரசாங்கத்துக்கே போகலாமே என்று ஆகிலா ஒருதரம் வாயெடுத்தாள். துண்டு வெட்டிக்கொண்டு வந்த இடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்றான் றாஸிக். கொம்பனி நாளைக்கு ஓம் சொல்லும், நாளைக்குச் சொல்லும் என்று இருந்தான். சனியும் ஞாயிறும் கொம்பனியில் போன் எடுக்க ஆளில்லை. தேன் குரலும் வீட்டுக்குப் போயிருந்தது.

அந்த அறையில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. சூப் வந்தது, விரிப்பு மாறியது, மிஸ்ஸி காய்ச்சல் பார்த்தாள். புண்ணையும் கழுவிக் கட்டினார்கள், ஊசியும் போட்டார்கள். வெட்டுவதைத் தவிர எல்லாம் செய்தார்கள். பெரிய டொக்டர் அந்த நாட்களில் வரவில்லை, சின்ன டொக்டர் ஒருவர்தான் எட்டிப் பார்த்தார். சுஹறா தொலைக்காட்சியில் ஓடும் சமையலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். காலில் வலி இல்லை. வலித்திருந்தால் அவளே கத்தியிருப்பாள், எல்லாரும் ஓடியிருப்பார்கள். வலிக்காததுதான் அவளைக் கெடுத்தது.

ஞாயிறு பின்னேரம் உடம்பு தூக்கிப் போட்டது. பல் கிடுகிடுத்தது. கணுக்காலுக்கு மேலே சிவப்புக் கோடு ஒன்று முழங்காலைப் பார்த்து ஏறியிருந்தது. ஆகிலா போர்வைக்கு மேல் போர்வையாகப் போட்டாள். காய்ச்சலில் சுஹறா மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டு போ மனெ. மருதமுனைக்கே கொண்டு போ. நான் இரிக்கன். ஆரு என்ன சொன்னாலும் இரிக்கன்."

அவள் ஓம் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த ஓமை வாங்க அப்போது ஒருவரும் இல்லை. பெரிய டொக்டர் வந்து போர்வையை நீக்கிப் பார்த்தார். "மருதமுனைக்கும் வேணாம், இனி இஞ்சயும் ஏலாது. இவவுக்குத் தீவிர சிகிச்சை வேணும், அது இஞ்ச இல்ல. உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க, நான் அங்க வாறன்" என்றார். இருந்த நாட்களுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் வெளியே போக முடியாது. ஆகிலா காதில் கிடந்ததைக் கழற்றினாள். காசு கட்டும் இடத்தில் அதை வாங்கிக்கொண்ட பிள்ளையும் சிரித்த முகத்தோடுதான் வாங்கியது.

அதே வாட்டு. ஜன்னலோரக் கட்டிலில் வேறொருத்தி கிடந்தாள். சுஹறாவின் தள்ளுகட்டிலை விறாந்தையில் சுவரோடு அணைத்து வைத்தார்கள். வைத்த கையோடு ஊசி ஏறியது, இரண்டு குழாய் ஏறியது, இரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்குக் கண்டித்த மிஸ்ஸி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட றாஸிக்குக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செசிலி சுவரைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தாள். அவள் பாதத்தில் வெள்ளைக் கட்டு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் றாஸிக்குக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டான்.

"எப்ப செஞ்சாங்க அக்கா?"

செசிலி சொல்ல விரும்பவில்லை. சுஹறாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க போன அடுத்த நாள்தான் தம்பி. மயக்க டொக்டர் காலையிலயே வந்திட்டார்" என்றாள் கடைசியில். "முதல்ல இவட பேரத்தான் கூப்பிட்டவங்க."

றாஸிக் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் இருந்துவிட்டான். பர்சிலிருந்த அட்டையைக் கிழித்தெறிய நினைத்தானோ என்னவோ, எடுத்தான். அது பிளாஸ்டிக். வளைந்தது, கிழியவில்லை. திரும்பப் பர்சுக்குள்ளேயே வைத்தான்.

விரலைப் பற்றி இப்போது ஒருவரும் கதைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே கழற்ற வேண்டும், இன்றைக்கே, இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றார் டொக்டர். இதற்கும் றாஸிக்தான் கையெழுத்துப் போட்டான். சுஹறாவுக்கு அரைகுறையாக நினைவு இருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "அந்தப் பை அலுமாரிக்கு மேல இரிக்கி ஆகிலா" என்றாள். எந்தப் பை என்று ஆகிலா கேட்கவில்லை. கபன் துணிப் பை.

உயிர் தப்பியது. அரசாங்க ஆஸ்பத்திரி அதைச் செய்தது, ஒரு சதம் வாங்காமல் செய்தது. அந்த நாட்டில் மயக்க மருந்து டொக்டர் இல்லாமல் போவதும் உண்மை, இருக்கும்போது அவர் இரவு பகலாக நிற்பதும் உண்மை. சுஹறாவின் கால் இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் போயிற்று.

கழற்றிய காலை என்ன செய்வது என்று வாட்டில் கேட்டார்கள். முஸ்லிம் ஆட்கள் வாங்கிக்கொண்டுபோய் அடக்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பொதி செய்து கொடுத்தார்கள். றாஸிக் அதை மடியில் வைத்துக்கொண்டு நளீரின் ஓட்டோவில் இருந்தான். அவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. ஆகிலா அலுமாரிக்கு மேலிருந்த பையிலிருந்து ஒரு துண்டுத் துணி வெட்டிக் கொடுத்தாள். அடக்கம் செய்யும் மையவாடியில் மௌலவி ஒருவரும் பள்ளிவாசல் மோதினாரும் நின்றார்கள். தொழுகை கிடையாது, துஆ ஓதினார்கள். சின்னக் குழி, பிள்ளைக்கு வெட்டுவதுபோல. கெதியாக முடிந்துவிட்டது.

சுஹறா நன்றாகக் கண் திறந்த அன்று றாஸிக் கட்டிலடியில் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். ஏன் கொண்டுபோனாய் என்று கேட்பாள் என்று அவன் பயந்துகொண்டிருந்தான். அவள் அதைக் கேட்கவில்லை. மருதமுனைக்குப் போக மாட்டேன் என்றவளும் அவள்தானே.

"எங்க வெச்ச?"

"வாப்பாட கபுறுக்குப் பக்கத்துல உம்மா."

"துணி சுத்தினியா?"

"ஓம். உங்கட பையில இருந்த துணிதான்."

"கழுவினியா மனெ?"

றாஸிக் விழித்தான். "தேவல்ல எண்டு மௌலவி சொன்னாரு. உசிரோட இரிக்கிற ஆள்ட உறுப்ப துணியில சுத்தி அடக்கினாப் போதுமாம்."

"ஓம், தேவல்லதான். எனக்குத் தெரியும்" என்றாள் சுஹறா. அந்தச் சட்டத்தை அவளே எத்தனையோ வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மேலே மின்விசிறியைப் பார்த்தாள். அது இன்னும் யோசித்து யோசித்துத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவளுடைய வாய் கோணியது. புருஷன் மௌத்தான அன்றும் ஊர் பார்க்க அழாதவள், முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஊர்ல இரிக்கிற பொம்புளையள் எல்லாரையும் கழுவி அனுப்பின நான், மனெ... என்ட கால மட்டும் ஊத்தையோட அனுப்பிட்டனே."

பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். றாஸிக் போகாமல் நின்றான். காவல்காரர் வந்து தோளில் தட்டி, "தம்பி, வெளிய போங்க" என்றார்.